காதைத் தீட்டிய மேதை சர் சி. வி. இராமன்



சர் சி. வி. இராமன் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? கடலின் நீலம், ஒளிச்சிதறல், நோபல் பரிசு, இவைதானே? ஆனால் ஒளியைப் பிடிப்பதற்கு முன்னால் அந்த மேதை பல ஆண்டுகள் ஓசையின் பின்னால் அலைந்தார். கிளமெண்டியில் மிருதங்கம் பழகும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அந்தக் கதையை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் இராமன் பிறந்தார். தந்தையார் சந்திரசேகரன் கல்லூரி ஆசிரியர். மாணவப் பருவத்திலேயே ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிய நூல் ஒன்று இராமன் கைக்குக் கிடைத்தது. காதுக்குள் ஓசை எப்படிப் போகிறது, ஒன்றை இனிமை என்றும் மற்றொன்றை இரைச்சல் என்றும் மனம் ஏன் பிரிக்கிறது என்று ஆராய்ந்த நூல் அது. அந்தக் கேள்வி இளைஞரை விடவே இல்லை.

சென்னை மாநிலக் கல்லூரியில் முதல் மாணவராகத் தேறினார். 1907இல் வீணை வாசிக்கத் தெரிந்த லோகசுந்தரியை மணந்தார். அதே ஆண்டு கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறையில் பெரிய உத்தியோகம் கிடைத்தது. வேறொருவராக இருந்தால், போதுமடா சாமி என்று உட்கார்ந்திருப்பார்! இவரோ டிராமில் போகும்போது இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பலகையைக் கண்டார்; இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். அன்றுமுதல் விடியற்காலையும் மாலையும் ஆய்வுக்கூடம், நடுவிலே ஆபீஸ். இப்படிப் பத்து ஆண்டுகள்!

1917இல் கல்கத்தா பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. போனால் சம்பளம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். குடும்பம் உள்ள நமக்கெல்லாம் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். இராமன் தயங்காமல் போனார்.

அங்கே அவர் வயலினையும் வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்தார். வயலின் தந்தியின் மேல் வில் நகரும்போது என்ன நடக்கிறது என்று அளக்க ஒரு பொறியையே செய்தார். 1920இல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து, நம்மூர் மத்தளங்களைப் பற்றிப் புகழ்பெற்ற ஓர் அறிவியல் இதழில் எழுதினார்.

அதில் என்னங்க அதிசயம் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். சாதாரணப் பறையைத் தட்டினால் தோலிலிருந்து பல அதிர்வுகள் கிளம்பும். ஒன்றுக்கொன்று முறையான கணக்கு இல்லாததால் அது காதுக்கு வெறும் அடியாகக் கேட்கும். மிருதங்கத்தின் வலந்தலையைத் தட்டிப் பாருங்கள். சுருதியோடு நாதம் வரும். காரணம், நடுவே உள்ள அந்தக் கறுப்பு வட்டம்! சோற்றையும் கல்பொடியையும் குழைத்துப் படிப்படியாகத் தேய்த்து ஏற்றும் அந்தப் பூச்சு, அதிர்வுகளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று முழு எண் வரிசையில் நிறுத்திவிடுகிறது. அப்படி வந்தால்தான் காது அவற்றை ஒரே சுரமாக ஏற்றுக்கொள்ளும். தோலின் மேல் நுண்மணலைத் தூவி, அது எந்தெந்தக் கோடுகளில் ஒதுங்குகிறது என்று பார்த்து, 1934இல் இராமன் இதை மேலும் விரிவாக விளக்கினார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் சற்றே நின்று யோசிக்க வேண்டும். அந்தப் பூச்சைக் கண்டுபிடித்தது யார்? கல்லூரி வாசலை மிதிக்காத தோல்வேலைக்காரர்கள்! தட்டுவார்கள், கேட்பார்கள், கொஞ்சம் ஏற்றுவார்கள், மறுபடி தட்டுவார்கள். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களுடைய காதுக்குள் இருந்த கணக்கைத்தான் பேராசிரியர் தாளில் எழுதினார். அந்தப் பழைய அறிவை அவர் மனமாரப் பாராட்டவும் செய்தார். கைவேலையும் கல்வியும் இரண்டு சாதி அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1921இல் லண்டன் சென்றபோதும் தூய பவுல் தேவாலயத்தின் வட்டமாடத்தில், ஒரு முனையில் முணுமுணுத்தது மறுமுனையில் எப்படிக் கேட்கிறது என்று சோதித்தார். திரும்பும் வழியில்தான் கடலின் நீலம் அவரை ஒளியின் பக்கம் இழுத்தது. 1928 பிப்ரவரி 28இல் இராமன் விளைவு பிறந்தது. 1930இல் நோபல் பரிசு. அறிவியலுக்காக அதைப் பெற்ற முதல் ஆசியர் நம் தமிழர்! 1933இல் பெங்களூர் சென்றார். 1948இல் அங்கே தம் பெயரால் ஓர் ஆய்வகம் நிறுவினார். 1954இல் பாரத ரத்னா பெற்றார். 1970 நவம்பர் 21இல் மறைந்தார்.

மாணவர்களே, இன்று பரிசு வாங்குகிறவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் ஒரே சொல்தான். இராமனுக்கு முதல் கருவி விலையுயர்ந்த இயந்திரம் அல்ல, காது! உட்காதில் ஓசையை உணரும் நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. ஆகையால் காதில் மாட்டும் பாட்டுக் கருவியின் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பேட்டையில் புல்வெட்டும் இயந்திரத்தைப் பிடிக்கும் தோழர்களே, நாள் முழுக்க 85 டெசிபலைத் தாண்டும் இரைச்சல் காதைக் கெடுக்கும். காதுக்காப்பை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை மேசையைத் தட்டித் தாளம் போட்டால் உடனே அதட்டாதீர்கள். அந்த ஓசை எங்கிருந்து வருகிறது என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பிறகு பிள்ளை சொல்வதை நீங்களும் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்!