மா. கிருஷ்ணன்: காத்திருந்து கண்டவர்

சங்கப் பாடல்களைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். நாரை, கொக்கு, குருகு என்று வருமிடங்களில் 'ஒருவகை நீர்ப்பறவை' என உரை கூறி அடுத்த அடிக்குச் சென்றுவிடுவது என் வழக்கமாக இருந்தது. பறக்கும்போது நாரை கழுத்தை நீட்டுமா, மடக்குமா என்று ஒரு மாணவி கேட்ட நாளில் எனக்கு விடை தெரியவில்லை. 'தேர்வுக்கு அது வராது' என்று சொல்லித் தப்பித்தேன். அந்த வெட்கமே என்னை மா. கிருஷ்ணனிடம் கொண்டு சேர்த்தது. நம் வட்டத்தில் கவிஞர்களே மிகுதி. ஆதலின் அவரைப் பற்றி இம்மலரில் எழுதுவது பொருந்தும் என்று கருதுகிறேன்.

'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் எட்டு மக்களுள் கடைக்குட்டியாக, 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார் கிருஷ்ணன். 1925இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று வாதிட்டுப் பேசிய மாதவையா அங்கேயே உயிர் நீத்தார். மகனுக்கு அப்போது வயது பதின்மூன்று. மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றபோது பேராசிரியர் பைசனின் அன்பு அவருக்குக் கிடைத்தது. பைசனுடன் மலைகளுக்குச் சென்று செடிகளை அறிந்துகொண்டார். பேராசிரியரின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார். பின்னாளில் ஒளிப்படக் கலைஞராக விளங்கியவர் முதலில் கோடு வரையக் கற்றவர் என்பது மறக்கத்தக்கதன்று.

சட்டமும் படித்தார், அது அவரைக் கட்டிவைக்கவில்லை. 1942இல், இன்று கருநாடகத்தில் உள்ள சந்தூர் சமஸ்தானத்தில் பணியேற்றார். ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், அரசரின் அரசியல் செயலர் என்று பல வேடங்கள். சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபின் சென்னைக்குத் திரும்பினார். பின்னர் எவரிடமும் ஊழியம் பார்க்காமல், எழுத்தையும் படத்தையும் நம்பியே மயிலாப்பூர் வீட்டில் வாழ்ந்தார். குடும்பத்தை வைத்துக்கொண்டு அப்படித் துணிவது எளிதன்று. இந்துமதி அம்மையாரை அவர் 1937இலேயே மணந்திருந்தார்.

அவருடைய ஒளிப்படக் கருவியைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்தின் பெட்டி, மற்றொன்றின் தொலைவு வில்லை என்று வெவ்வேறு உறுப்புகளைத் தாமே பொருத்தி உருவாக்கிய ஒட்டுக்கருவி அது. 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்கு வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். பெயரிலேயே அதன் பாரம் தெரியும். டெலிபோட்டோ எனப்படும் தொலைவு வில்லை எட்டாத பறவையை எட்டச் செய்கிறது. ஆனால் அதற்கு விலை வாங்காமல் விடுவதில்லை. உருவத்தைப் பெருக்கும் அளவுக்குக் கையின் நடுக்கத்தையும் பெருக்குகிறது. தெளிவாக விழும் ஆழத்தைக் குறுக்கிவிடுகிறது: கண் தெளிந்தால் வால் மங்கும். நண்பகல் வெயிலில் நிலத்திலிருந்து எழும் கானல் படத்தைக் கலக்கிவிடும். இக்கால ஜூம் வில்லையில் ஒரு வளையத்தைத் திருப்பினால் காடும் வரும், காட்டிலுள்ள கண்ணும் வரும். குவியத் தொலைவு மாறாத வில்லையில் நம் கால்களே அந்த வளையம். முன்னே போக வேண்டும், பின்னே வர வேண்டும், பெரும்பாலும் அசையாமல் இருக்க வேண்டும். யானை முதுகில் அமர்ந்தும் கால்நடையாகவும் முதுமலை போன்ற காடுகளில் அவர் காத்திருந்த பொழுதுகள்தாம் அந்தப் படங்கள். பிலிம் சுருளில் சில காட்சிகளே அடங்கும். ஆகவே முதலில் பார்த்து முடித்து, பிறகே விசையை அழுத்த வேண்டும்.

கருப்பு வெள்ளையையே அவர் விரும்பினார். விலங்கின் வடிவம், தோலின் மடிப்பு, பின்னே நிற்கும் புல்லின் உயரம் ஆகியவற்றை நிறம் மறைக்கும் என்பது அவர் கொள்கை போலும். யானைக்கும் காட்டெருதுக்கும் இது முற்றும் பொருந்துகிறது. மீன்கொத்தியின் நீலத்தை இழப்பதற்கு மட்டும் என் மனம் இன்னும் ஒப்பவில்லை.

1950இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்' என்னும் பத்தியைத் தொடங்கினார். நாற்பத்தாறு ஆண்டுகள் அது நின்றதில்லை. புலியும் யானையும் மட்டுமல்ல, காகம், அணில், ஓணான், கொல்லைப்புறத்து ஆடு எல்லாமே அதில் இடம்பெற்றன. 1968இல் நேரு நினைவு ஆய்வு நல்கை பெற்றுத் தென்னிந்தியக் காடுகளின் பாலூட்டிகளை ஆராய்ந்தார்; அதன் பயன் 1975இல் நூலாக வெளிவந்தது. அயல்நாட்டு மரங்களை நம் மண்ணில் பரப்புவதை விடாது எதிர்த்தார். வளைந்து கொடுக்காதவர், கடிந்து எழுதுபவர் என்று பெயர் பெற்றிருந்தார். அந்தக் கடுமை இல்லாவிடில் அந்தக் கண்ணும் இருந்திராது என்றே தோன்றுகிறது.

ஆங்கிலத்தில் புகழ்பெற்றவர் தமிழைக் கைவிடவில்லை. தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு உயிரினங்களைப் பற்றி எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்தளித்தார். 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்றொரு துப்பறியும் நாவலும் உண்டு. தமிழ்ப் படைப்பாளியாக அவரை நாம் இன்னும் சரியாக வரவேற்கவில்லை. இந்தக் குறையில் என் போன்ற தமிழ்த்துறையினரின் பங்கே பெரிது.

1996 பிப்ரவரி 18 அன்று கிருஷ்ணன் மறைந்தார். அவருடைய கடைசிப் பத்தி வெளிவந்ததும் அதே நாளில்தான்.

அந்த மாணவியை ஒரு சனவரி மாதம் வேடந்தாங்கலுக்கு அழைத்துச் சென்றேன். மஞ்சள் மூக்கு நாரைகள் கழுத்தை நேரே நீட்டிப் பறந்து வந்தன. சிறிது நேரத்தில் சாம்பல் நாரை ஒன்று கழுத்தை மடக்கிக்கொண்டு ஏரியைக் கடந்தது. பெயர் நாரையானாலும் அது கொக்கின் இனம். எந்த நாரை என்று கேட்காமல் அவளுக்கு விடை கூறவே முடியாது என்பதை அன்றுதான் அறிந்தேன்.