சிற்றுலகம் படைத்த ஜான் ஆலன்

பெரியதைச் சிறியதாகச் செய்து பார்ப்பதில் மனிதனுக்கு என்றும் ஓர் இன்பம் உண்டு. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிறுதேர் உருட்டுவதைத் தனியே ஒரு பருவமாக வைத்தார்கள். ஆனால் அந்தப் பருவம் கடந்த பின்னும் ஒருவர் தேரை விடாமல் உருட்டிக்கொண்டிருந்தால் உலகம் என்ன சொல்லும்? வேலையற்றவர் என்று சொல்லும். வளர்ந்தும் குழந்தையாகவே இருக்கிறார் என்று நகைக்கும். அப்படி நகைக்கத்தக்க வேலையில் இருபத்தேழு ஆண்டுகள் ஈடுபட்டிருந்தார் ஒருவர். மாதிரி ரயில் அமைப்போர் பல நாடுகளில் அவரை இன்றும் ஆசானாகப் போற்றுகிறார்கள். அவர் பெயர் ஜான் ஆலன்; அமெரிக்கர்; 1973இல் மறைந்தவர். அவருடைய வாழ்க்கையை நம் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஆலன் 1913ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், மிசௌரி மாநிலத்தில் ஜாப்லின் என்னும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். மூட்டுகளில் தொடங்கி இதயத்தைத் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் அவரையும் தாக்கியது. அதனால் அவர் இதயம் இறுதிவரை வலுவற்றே இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் புகைப்படத் தொழில் செய்தார். 1946இல் அத்தொழிலை விட்டு, கலிபோர்னியாக் கடற்கரையிலுள்ள மாண்டெரே என்ற ஊரில் குடியேறினார். அப்போது வயது முப்பத்துமூன்று. அந்த ஆண்டிலேயே தம் முதல் ரயில் பாதையை அமைக்கத் தொடங்கினார்.

பாதை என்று சொன்னேனே தவிர, அது ஒரு மேசையளவுதான். அகலம் நாலடிக்கும் குறைவு. நீளம் ஏழடிக்கும் குறைவு. அதில் மலை உண்டு, குகை உண்டு, பாலம் உண்டு, சிறிய ஊர் உண்டு. பிறகு அதை விரிவாக்கி இரண்டாவது அமைப்பைச் செய்தார். ஐம்பதுகளில் வேறு வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, அவ்வீட்டின் அடித்தளத்தில் மூன்றாவது அமைப்பைத் தொடங்கினார். முதலில் செய்த மேசையளவு உலகத்தையும் எறிந்துவிடாமல் புதிய அமைப்புக்குள்ளே பொருத்திக்கொண்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த அடித்தளமே அவருடைய நாடாயிற்று.

அந்த ரயில் கம்பெனிக்கு அவர் இட்ட பெயர் கோரி அண்டு டஃபீட்டட். ஏதோ இரண்டு ஊர்களின் பெயர்போலத் தோன்றும். விரைந்து சொல்லிப் பார்த்தால் இரத்தம் சிந்தித் தோற்றுப்போனது என்ற பொருளுடைய ஆங்கிலச் சொற்கள் காதில் விழும். தம் கம்பெனிக்குத் தோல்வி என்றே பெயரிட்ட முதலாளி வேறு எவரும் இருந்ததாக நான் கேட்டதில்லை. வேடிக்கை இதோடு நிற்கவில்லை. நிலைய முற்றத்தில் வேகன்களை இழுத்துச் சேர்க்கும் ஷண்டிங் வேலைக்கு ஓர் எஞ்சின் வேண்டும் அல்லவா? அவர் அந்த வேலைக்கு முதுகில் தகடு தகடாய் நிற்கும் ஸ்டெகோசாரஸ் என்ற தொல்விலங்கின் பொம்மையை அமர்த்தினார். எம்மா என்று பெயரிட்டு, எஞ்சின்களைப் போலவே அதற்கும் எண் கொடுத்தார்.

இனி அவர் கைவேலைக்கு வருவோம். அவர் எடுத்துக்கொண்ட அளவு எச்.ஓ. எனப்படுவது, உண்மைப் பொருளில் 87இல் ஒரு பங்கு. நாலடி எட்டரை அங்குலம் அகன்ற ரயில் பாதை இங்கே 16.5 மில்லிமீட்டர் ஆகிவிடும். நாற்பதடி நீளமான மூடு வேகன் ஐந்தரை அங்குலத்தில் அடங்கிவிடும். நீளம் 87இல் ஒன்றானால் கன அளவு 6,58,503இல் ஒன்றாகும். ஆகவே ஐம்பது டன் வேகன் கணக்குப்படி 76 கிராம்தான் இருக்க வேண்டும். இந்த எடையுள்ள வண்டி வளைவில் நிலைகொள்ளாமல் தடம் புரளும். அதனால் வேகனுக்குள் சிறிது ஈயம் வைத்து எடை கூட்டுவது இக்கலையில் வழக்கம். உருவத்தைச் சிறிதாக்கலாம், இயற்கையின் விதியைச் சிறிதாக்க முடியாது. அறிவியல் மாணவனாகிய எனக்கு இந்தக் கலையில் மனம் சென்றது இங்கேதான்.

ஆலன் வேலை தொடங்கிய நாளில் மாதிரி வண்டிகள் எப்படி இருந்தன? பெட்டியிலிருந்து எடுத்த கணத்தில் எப்படி மின்னினவோ அப்படியே ஆண்டுக்கணக்காக மின்னின. அதைத்தான் அழகென்று எண்ணினார்கள். ஆலன் அப்படி எண்ணவில்லை. ஓடுகிற வண்டி எதுவும் பளபளப்பாக இருப்பதில்லை என்பதை அவர் கண்டார். தம் வேகன்களின் பளபளப்பை அடக்கினார். துருவின் நிறத்தைத் தீட்டினார். கரியும் தூசும் படிந்த தோற்றத்தைக் கொடுத்தார். சுவர்களின் வண்ணம் வெளுத்தது. பலகைகள் மழையில் நனைந்து காய்ந்து சாம்பல் நிறமாயின. இவ்வாறு புதிய பொருளுக்கு வயதேற்றுவதை இக்கலையில் பரவலாக்கிய முன்னோடிகளில் தலையானவர் அவர்.

இதில் என்ன பெருமை, அழுக்குப் பூசுவது ஒரு கலையா என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் அதைச் சோதித்துப் பார்த்தேன். விடுமுறை முடிந்து சென்னையிலிருந்து தில்லிக்கு இரண்டு இரவுகள் பயணம் செய்யும் நமக்கு ஜன்னலோரம் இதற்குப் போதிய பள்ளிக்கூடம். சென்ற முறை பல்லார்ஷாவில் வண்டி நின்றபோது, பக்கத்துப் பாதையில் சரக்கு வண்டி ஒன்று நின்றது. அதை ஆலனின் கண்ணோடு பார்க்க முயன்றேன். அழுக்கு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே, அதில் எத்தனை வகை! தண்டவாளத்தைத் தொடும் சக்கர விளிம்பு வெள்ளிபோல் ஒளிர்ந்தது; அதற்கு ஓரங்குலம் உள்ளே துருப்பிடித்திருந்தது. பிரேக் கட்டை தேய்ந்து பறந்த இரும்புத்தூள் அடிச்சட்டம் முழுவதும் செம்பழுப்பாகப் படிந்திருந்தது. கதவின் கீல்களிலிருந்து மழைநீர் வழிந்த இடத்தில் துரு கோடு கோடாகக் கீழே இறங்கியிருந்தது. எண் எழுதிய கட்டம் மட்டும் புதிய வண்ணத்தில் தெளிவாக இருந்தது. யாரோ அண்மையில் திருப்பி எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்த வேகன் எங்கே போயிற்று, எதைச் சுமந்தது, எத்தனை மழை கண்டது என்பது அதன் உடம்பில் எழுதியிருந்தது. காரணம் தெரிந்து பூசினால் அது வரலாறு. தெரியாமல் பூசினால் வெறும் சேறு.

சிறிய அளவில் இதைச் செய்வது இன்னும் கடினம். பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடித்த வண்ணப்பூச்சு அச்சிற்றுலகத்தில் ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டர் தகட்டுக்குச் சமம். கொஞ்சம் தடிப்பாகப் பூசினாலும் வேகனின் ஆணித்தலைகள் மூழ்கிவிடும். ஆகவே நீர்போல் கரைத்த வண்ணத்தையும், பொடித்த சாக்குத்தூளையும் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். அரை மில்லிமீட்டர் மணல் அங்கே 4.35 சென்டிமீட்டர் ஜல்லி. மூன்றடி தள்ளி நின்று பார்ப்பது, உண்மை வண்டியை 261 அடிக்கு அப்பால் நின்று பார்ப்பதற்கு ஒப்பாகும். அவ்வளவு தொலைவில் காற்றும் தூசும் நிறத்தை மங்கச் செய்கின்றன. ஆதலால் உண்மை வேகனில் பூசிய அதே வண்ணத்தை மாதிரியில் பூசினால் அது பொம்மையாகவே தெரியும். சற்று வெளுத்த வண்ணமே உண்மைபோல் தோன்றும். உள்ளதை உள்ளபடி காட்ட, சில இடங்களில் உள்ளதிலிருந்து விலக வேண்டும். இது எனக்குப் புதிய பாடம்.

ஆலன் வண்டியோடு நின்றுவிடவில்லை. பலர் மேசைமேல் மலை வைத்தார்கள்; அவர் தரையிலிருந்தே மலையை எழுப்பினார். பிளாஸ்டர் பாறைகள் கூரைவரை உயர்ந்தன. பார்க்க வந்தவர்கள் பள்ளத்தாக்கில் நடப்பவர்போல் நடந்தார்கள். தலைக்கு மேலே பாலத்தில் ரயில் சென்றது. இடம் போதாத மூலைகளில் கண்ணாடி வைத்து, அதன் விளிம்பைக் கட்டடங்களுக்குப் பின்னே மறைத்து, ஊரை இரண்டு மடங்காக்கினார். நண்பர்கள் கூடி அங்கே உண்மை ரயில்வே ஊழியர்போல் பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டு வண்டிகளை ஓட்டினார்கள். வேகமாக ஓடும் கடிகாரம் ஒன்று அந்த நாட்டின் நேரத்தைக் காட்டியது. தூரம் சுருங்கினால் நேரமும் சுருங்கத்தானே வேண்டும்! வேகன்களை வரிசைப்படுத்தும் டைம்சேவர் என்ற ஷண்டிங் புதிர் விளையாட்டும் அவர் படைத்ததே. இன்றும் அதை ஒரு பலகையில் அமைத்து விளையாடுகிறார்கள்.

அவருடைய பழைய தொழில் இங்கே கைகொடுத்தது. சிறு பொருளை அருகில் வைத்துப் படமெடுத்தால், முன்னால் இருப்பது தெளிந்து பின்னால் இருப்பது மங்கிவிடும். லென்ஸின் துளையை மிகச் சிறிதாக்கி, நெடுநேரம் ஒளி விட்டால்தான் எஞ்சினும் தெளியும், அதன் பின்னேயுள்ள மலையும் தெளியும். இந்த நுட்பத்தில் ஆலன் தேர்ந்தவர். அவருடைய படங்கள் மாடல் ரயில்ரோடர் போன்ற இதழ்களில் வந்தன. வார்னி என்னும் மாதிரி ரயில் நிறுவனத்தின் விளம்பரங்களை அணிசெய்தன. படத்தோடு அவர் செய்முறையையும் எழுதினார். எதையும் தொழில் இரகசியமென்று ஒளிக்கவில்லை. மாண்டெரேயைக் கண்ணால் காணாதவர்களும் அவர் எழுதியதைப் படித்துத் தங்கள் வேகன்களுக்கு வயதேற்றினார்கள்.

1973 ஜனவரி 6ஆம் நாள் அவருடைய பழுதான இதயம் நின்றது. வயது ஐம்பத்தொன்பது. துன்பம் அதோடு முடியவில்லை. பத்தாம் நாள் அந்த வீட்டில் தீப்பற்றியது. குளிருக்காக மூட்டிய எரிவாயுக் கணப்பிலிருந்து நெருப்பு பரவியதாகச் சொல்கிறார்கள். மலைகளும் பாலங்களும் வயதேற்றிய வேகன்களும் பெரும்பகுதி அழிந்துபோயின. இருபத்தேழு ஆண்டு உழைப்பு ஒரே தீயில் முடிந்தது. விளையாட்டாக இட்ட தோல்வி என்ற பெயர் பலித்துவிட்டதோ என்று தோன்றுகிறது அல்லவா?

படங்கள் எஞ்சின, அது போதும் என்று சிலர் ஆறுதல் கூறுவர். எனக்கு அவ்வளவு எளிதாக மனம் ஆறவில்லை. படம் காட்டுவது அவருடைய காமிரா பார்த்த பக்கத்தை மட்டுமே. மலைக்குப் பின்னால் வண்டி மறைந்து வெளிப்பட்ட அந்தக் காத்திருப்பை எந்தப் படமும் காட்டாது. போனது போனதுதான்.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மாடல் ரயில்ரோடர் இதழின் ஆசிரியராயிருந்த லின் வெஸ்ட்காட், ஆலனின் வேலைகளைத் தொகுத்து ஒரு நூல் எழுதினார். வெஸ்ட்காட் 1980இல் மறைந்தார். நூல் 1981இல் வெளிவந்தது. எழுதியவரும் எழுதப்பட்டவரும் இல்லாத நிலையிலும் அந்த நூல் கைக்குக் கை மாறியது. இன்று எந்த நாட்டிலேனும் ஓர் இளைஞன் புத்தம்புதிய வேகனை எடுத்து அதன் அடிச்சட்டத்தில் துருவின் நிறத்தைத் தடவினால், அவன் அறிந்தோ அறியாமலோ ஆலனின் மாணவனாகிறான். ஆலன் தம் செய்முறையைத் தமக்குள்ளே வைத்திருந்தால் அதுவும் அந்தத் தீயிலேயே போயிருக்கும். பிறருக்குக் கொடுத்ததே தீயிலிருந்து தப்பியது.

நம்மில் பலர் ஆய்வுக்கூடங்களில் ஆண்டுகளைக் கழிக்கிறோம். நாம் கட்டும் கருவி நம் காலத்திலேயே பழைய இரும்பாகலாம். நம் ஆய்வேடு அலமாரியில் தூங்கலாம். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. எப்படிச் செய்தோம் என்பதைத் தெளிவாக எழுதி வைப்பதற்குத்தான் சோம்பக் கூடாது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, உங்கள் வண்டி எங்காவது சிக்னலுக்குக் காத்து நிற்கும். பக்கத்துப் பாதையில் ஒரு சரக்கு வேகன் நிற்கும். கைப்பேசியைச் சற்றே கீழே வைத்துவிட்டு அதன் கறைகளைப் படித்துப் பாருங்கள். நேரம் போவதே தெரியாது.