உங்க நாய் வாந்தி எடுக்குதா? அப்போ ருக்மிணி தேவி அருண்டேலைத் தெரிஞ்சுக்கோங்க!

தெருநாயை ஒருத்தர் கட்டையால அடிக்கிற வீடியோ இன்ஸ்டாகிராம்ல வந்தா, நம்ம விரல் நேரா கமென்ட் பாக்ஸுக்குத்தான் போகும். இவர் மேல கேஸ் போடணும்னு டைப் பண்ணுவோம். அப்படி கேஸ் போட இந்தியாவில் ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் வருவதற்குப் பாடுபட்டவர் ஒரு நடனக் கலைஞர் என்பது உங்களுக்குத் தெரியுமா?

அவர்தான் ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ராவை நிறுவியவர் என்று ஸ்கூல் ஜி.கே. புத்தகத்தில் படிச்சிருப்பீங்க. அது அவர் வாழ்க்கையின் ஒரு பாதி. மறுபாதி மாடு, குதிரை, குரங்கு, நாய், பூனை என்று வாயில்லாத ஜீவன்களுக்காகப் போனது. இன்னைக்கு வீட்ல ஒரு நாயோ பூனையோ வளர்க்கிற உங்களுக்கு நேரடியா தேவைப்படுற விஷயம் அந்த மறுபாதியில்தான் இருக்கு.

நாலு வருஷத்துக்கு ஒரு பிறந்தநாள்

ருக்மிணி பிறந்தது 1904 பிப்ரவரி 29, மதுரையில். ஆமாங்க, நாலு வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் பிறந்தநாள் வரும்! அப்பா நீலகண்ட சாஸ்திரி பொறியாளர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குடும்பத்தோடு சென்னை அடையாறில், பிரம்மஞான சபைக்குப் பக்கத்தில் குடியேறினார். அன்னி பெசன்ட் அம்மையாரைச் சுற்றி உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து போன இடம் அது.

அங்கேதான் ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை ருக்மிணி சந்தித்தார். 1920இல் கல்யாணம். பெண்ணுக்கு வயது 16. மாப்பிள்ளை 25 வயசுக்கு மேல் மூத்தவர், அதுவும் வெள்ளைக்காரர். அன்றைய மெட்ராஸ் எப்படிக் கொந்தளித்திருக்கும் என்று நீங்களே யோசிச்சுப் பாருங்க.

1928இல் புகழ்பெற்ற ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பு கிடைத்தது. உன் நாட்டு நடனத்தைத் தேடிப் போ என்று தூண்டியவர் அவர்தான். மயிலாப்பூர் கௌரி அம்மாள், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆகியோரிடம் சதிர் கற்ற ருக்மிணி, 1935 கடைசியில் அடையாறில் மேடையேறினார். அடுத்த மாசமே, 1936 ஜனவரியில் கலாக்ஷேத்ரா பிறந்தது. தேவதாசி மரபினர் காத்து வந்த கலையை அவர் தன் விருப்பப்படி மாற்றிவிட்டார் என்ற விமர்சனம் இன்றுவரை உண்டு. அதையும் சேர்த்தே அவரைத் தெரிஞ்சுக்கணும்.

பார்லிமென்ட்டில் மாடுகளின் குரல்

1952இல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனார். அந்த வகையில் அவர்தான் முதல் பெண். கலைஞர் என்பதற்காகக் கிடைத்த பதவி. கலையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு வந்திருக்கலாம். அவர் 1953இல் கையில் எடுத்தது பிராணிகள் வதையைத் தடுக்கும் ஒரு தனிநபர் மசோதாவை.

அப்போது இருந்தது 1890இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த பழைய சட்டம். அது போதாது என்பது ருக்மிணியின் வாதம். பிரதமர் நேரு, அரசாங்கமே இதற்கு ஒரு சட்டம் கொண்டுவரும் என்று உறுதி கொடுத்து மசோதாவைத் திரும்பப் பெறச் சொன்னார். ருக்மிணியும் திரும்பப் பெற்றார். பொதுவா இந்த மாதிரி உறுதிமொழிகள் ஃபைலுக்குள்ளேயே தூங்கிடும். இது தூங்கல. 1960இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1962இல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தது. முதல் தலைவர் ருக்மிணி தேவி.

அதே 1962இல் கலாக்ஷேத்ரா அடையாறிலிருந்து திருவான்மியூர் கடலோரத்துக்கு இடம் மாறியது. மாமல்லபுரம் போகும் இ.சி.ஆர். தொடங்குகிற அதே திருவான்மியூர்தான். விலங்குகள் நல வாரியமும் பிற்காலத்தில் ஹரியானாவுக்குப் போகும்வரை அதே திருவான்மியூரில், வால்மீகி நகரில் பல ஆண்டுகள் இயங்கியது. நாட்டின் எல்லா மாநிலங்களுக்குமான ஒரு வாரியம் நம்ம கடற்கரைப் பக்கத்தில் இருந்ததற்குக் காரணம் இவர்தான்.

1977இல் இன்னொரு வாய்ப்பு வந்தது. பிரதமர் மொரார்ஜி தேசாய் இவரை ஜனாதிபதி தேர்தலுக்கு நிறுத்த விரும்பினார். ருக்மிணி தேவி மறுத்துவிட்டு, கலாக்ஷேத்ராவிலும் விலங்கு நலப் பணியிலுமே இருந்துவிட்டார். 1986 பிப்ரவரி 24 அன்று சென்னையில் காலமானார்.

அடிக்கலைன்னா மட்டும் போதுமா?

இப்போ உங்க கதைக்கு வருவோம். நான் என் நாயை அடிக்கிறதே இல்லையே, எனக்கு எதுக்கு இந்தச் சட்டம் என்று கேட்பீங்க.

அந்த 1960 சட்டத்தின் 3ஆம் பிரிவைப் பாருங்க. ஒரு பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலனுக்கு வேண்டியதைச் செய்ய வேண்டும், தேவையில்லாத வலியும் துன்பமும் அதற்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அதாவது, அடிக்காமல் இருப்பதோடு உங்க கடமை முடியல. சாப்பாடு, தண்ணீர், இருக்க இடம் கொடுக்காமல் விடுவதையும், பட்டினியிலோ தாகத்திலோ வாடும்படி கைவிடுவதையும் 11ஆம் பிரிவு குற்றம் என்கிறது. வீட்டு நாய் மூணு நாளா சாப்பிடாம சுருண்டு படுத்திருக்கு, தானா சரியாயிடும்னு விடுறோமே, அதுவும் இந்தக் கடமையிலிருந்து நழுவுறதுதான்.

ஆனா, துன்பத்தைத் தடுக்கணும்னா முதல்ல அது கண்ணுக்குத் தெரியணும். அங்கேதான் ருக்மிணி தேவியின் இரண்டு பாதிகளும் ஒண்ணு சேருது. வாயைத் திறக்காமல் உடம்பால் மட்டும் சொல்வதைப் புரிய வைப்பது அபிநயம். நாயும் பூனையும் தங்கள் நோயை அப்படித்தான் சொல்கின்றன. நாமதான் பார்க்கக் கத்துக்கணும்.

வாந்தியா, எதுக்களிப்பா?

முதல் பாடம் இது. வயிறு உள்ளே வெளியே என்று இழுத்து இழுத்து, எச்சில் ஒழுக, உதட்டை நக்கிக்கொண்டே எடுத்தால் அது வாந்தி. எந்தச் சிரமமும் இல்லாமல், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் செரிக்காத சாப்பாடு அப்படியே வந்து விழுந்தால் அது எதுக்களிப்பு. பூனை கழுத்தைத் தரையோடு நீட்டிக்கொண்டு கக்கப் பார்த்தால் முடி உருண்டையாக இருக்கலாம், இருமலாகவும் இருக்கலாம். டாக்டருக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். நீங்க வாயால விவரிக்கிறதைவிட, போன்ல 20 விநாடி வீடியோ எடுத்துக் காட்டுறது எவ்வளவோ மேல். வாந்தியையும் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

வளர்ந்த நாய் ஒரே ஒரு தடவை வாந்தி எடுத்துட்டு, வாலை ஆட்டிக்கிட்டு ஓடுது, தண்ணி குடிக்குதுன்னா பதற வேண்டாம். சில மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுங்க. தண்ணீரை ஒரேயடியாக வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்க. அப்புறம் உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் இல்லாமல் குழைய வெந்த சாதமும் எலும்பில்லாத வேகவைத்த கோழியும் சிறிதளவு. குட்டிகளையும் பூனைகளையும் மட்டும் பட்டினி போடாதீங்க. குட்டிகள் சீக்கிரம் துவண்டுவிடும். பூனை ஒரு நாளுக்கு மேல் எதுவும் சாப்பிடலைன்னா ஈரலே பாதிக்கப்படலாம், டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும்.

இதைப் பார்த்தா உடனே கிளம்புங்க

* தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தியோடு ரத்தம் கலந்த, கெட்ட நாற்றமுள்ள பேதி. இது பார்வோ வைரஸாக இருக்கலாம். சிகிச்சை கிடைக்காத குட்டிகளில் பெரும்பாலானவை சில நாட்களிலேயே இறந்துவிடும். காலையில பாத்துக்கலாம்னு தள்ளிப்போடாதீங்க.
* வாந்தியில் ரத்தம், அல்லது காபித்தூள் மாதிரி கறுப்பு.
* பெரிய நாய் வாந்தி எடுக்க முயன்று முயன்று எதுவும் வராமல், வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போவது. இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு மணி நேரமும் உயிர் பிரச்னை.
* ஆண் பூனை சிறுநீர் போக முடியாமல் திரும்பத் திரும்ப உட்கார்ந்து எழுந்து, வாந்தியும் எடுப்பது.
* ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருப்பது. மஞ்சள் என்றால் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். அது மனுஷங்களுக்கும் பரவும், கையுறை இல்லாமல் சிறுநீரைத் தொடாதீங்க.
* தோள்பட்டைத் தோலைக் கிள்ளி விட்டால் பழைய நிலைக்குத் திரும்ப நேரமாவது. உடம்பில் தண்ணீர் வற்றுகிறது என்று அர்த்தம்.

அச்சரப்பாக்கம் பக்கத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். நம்ம ஊரைச் சுற்றி வயல்கள். எலி மருந்து வைப்பாங்க, பூச்சிமருந்து தெளிப்பாங்க. வயல் பக்கம் போய் வந்த நாய் எச்சில் ஒழுக நடுங்கினால், மருந்து டப்பாவையோ அதன் லேபிள் போட்டோவையோ கையோடு எடுத்துட்டுப் போங்க. கடற்கரைப் பக்கம் கூட்டிட்டுப் போறவங்க, கரை ஒதுங்கிக் கிடக்கும் பேத்தை மீனை நாய் வாய் வைக்காமல் பார்த்துக்கோங்க. அது விஷமுள்ள மீன்.

இதையெல்லாம் செய்யாதீங்க

உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீங்க. அமிலமோ மண்ணெண்ணெயோ குடித்திருந்தால் திரும்ப மேலே வரும்போது இன்னும் புண்ணாக்கும். மெடிக்கல் ஷாப்பில் நமக்கு வாங்கும் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீங்க. பாராசிட்டமால் ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் எதுவும் நாய்க்கு ஆகாது.

எச்சில் வழிய, விழுங்க முடியாமல் தவித்து, குணமே மாறிப்போன நாயின் வாய்க்குள் எதுவோ சிக்கியிருக்கு என்று கையை விடாதீங்க. வெறிநோயாக இருக்கலாம். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கோங்க.

யாரைக் கூப்பிடுறது?

அரசு கால்நடை மருந்தகம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும்தான் என்று நிறைய பேர் நினைக்கிறாங்க. நாய், பூனையையும் அங்கே காட்டலாம். பெரிய சிக்கல் என்றால், 90 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கு. 1903இல் தொடங்கிய கல்லூரி அது, ருக்மிணி தேவியைவிட மூத்தது! நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான இலவச எண் 1962. ருக்மிணி தேவி வாரியத் தலைவரான வருஷமும் 1962 என்பது தற்செயல்தான். ஆனா, ஞாபகம் வெச்சுக்க ரொம்ப வசதி.

அவர் பாடுபட்டு வந்த சட்டத்தில் இன்னும் ஓட்டைகள் இருக்கு. முதல் தடவை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். 1960இல் அது ஒரு தொகை. இன்னைக்கு ரெண்டு டீ, ரெண்டு வடைக்கே சரியாப் போயிடும். இந்தத் தொகையை உயர்த்தணும் என்று விலங்கு நல ஆர்வலர்கள் ரொம்ப காலமாகக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. விஷம் வைத்தோ ஊனப்படுத்தியோ ஒரு பிராணியைக் கொல்வதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் 5 ஆண்டுகள் வரை சிறை உண்டு. கமென்ட்டில் சண்டை போடுவதற்குப் பதிலா, போலீஸ் ஸ்டேஷனில் இந்தப் பிரிவைச் சொல்லிப் புகார் கொடுங்க.

ஆனா, உங்க வீட்டு வாசல்ல படுத்திருக்கிற ஜீவனுக்கு அபராதத் தொகையால ஒரு பயனும் இல்லை. அதுக்கு வேண்டியது நீங்க அதைத் தினமும் ஒரு நிமிஷம் கவனமா பார்க்கிறது. இன்னைக்கே மூணு வேலை செய்யுங்க. 1962ஐ போன்ல சேவ் பண்ணுங்க. தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்க: குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கணும், வெறிநோய் ஊசி 3 மாதத்தில். அப்புறம், உங்க நாயோ பூனையோ நல்லா இருக்கிற இந்த நேரத்தில் அதன் உதட்டை மெதுவாகத் தூக்கி, ஈறு என்ன நிறத்தில் இருக்குன்னு பார்த்து வெச்சுக்கோங்க. நாளைக்கு அது வெளுத்தா, உங்களுக்கு உடனே தெரியும்.