காலம் அறிந்து கடை விரித்தவர்

சங்கரன்கோவிலை அடுத்த மேலநீலிதநல்லூர் வட்டாரம் வானம் பார்த்த பூமி. எப்போது விதைக்க வேண்டும் என்று அங்குள்ள மானாவாரி விவசாயிக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியது இல்லை. மழைக்கு ரொம்ப முந்தி விதைத்தால், விதையை எறும்பு தின்றுவிடும். ரொம்பப் பிந்தினால், பயிர் வேர் பிடிக்கும் முன்பே ஈரம் காய்ந்துவிடும். நல்ல விதை, நல்ல நிலம், நல்ல உழைப்பு ஆகிய மூன்றும் இருந்தாலும், நாள் தவறினால் எல்லாம் வீண்!

வியாபாரமும் அப்படித்தான். புதுச் சரக்கைக் கடைக்குக் கொண்டுவர ஒரு வேளை உண்டு.

வீடியோ கேம் பெட்டி செய்யும் கம்பெனிகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. பழைய பெட்டி இன்னும் விற்றுக்கொண்டு இருக்கும். போட்டிக் கம்பெனியோ புதிய பெட்டியோடு வந்து நிற்கும். நாமும் அடுத்த பெட்டியை உடனே வெளியிடுவதா? கொஞ்சம் பொறுப்பதா? கோடிக்கணக்கான பணம் இந்த ஒரு முடிவில் அடங்கி இருக்கிறது.

இந்தக் கேள்விக்குச் சரியான விடை கண்டு ஒருவர் உலகப் புகழ் பெற்றார். அதே கேள்வியில் பிறகு ஒரு முறை பலத்த அடியும் வாங்கினார். அவர்தான் ஜப்பான் நாட்டு என்ஜினீயர் குன்பே யோகோய். சட்டைப்பையிலும் கைப்பையிலும் வைத்து எடுத்துச் செல்லும் விளையாட்டுப் பெட்டிகளை உலகுக்குத் தந்தவர்.

சீட்டுக் கம்பெனியில் வேலை

யோகோய் 1941-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி, ஜப்பானில் உள்ள கியோட்டோ நகரில் பிறந்தார். அதே ஊரில் உள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொறியியல் படித்தார்.

1965-ல் நிண்டெண்டோ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். இன்று வீடியோ கேமுக்குப் பெயர் போன கம்பெனி அது. ஆனால் அன்று அதன் முக்கியத் தொழில் சீட்டுக்கட்டு! பூப்படம் போட்ட ஜப்பானியச் சீட்டுகளைத் தயாரிப்பதற்காக 1889-ல் தொடங்கிய கம்பெனி அது.

சீட்டு அச்சிடும் எந்திரங்களைப் பழுது பார்ப்பதுதான் யோகோயின் உத்தியோகம். எந்திரம் ஒழுங்காக ஓடினால் அவருக்கு வேலை இல்லை. சும்மா இருக்க அவரால் முடியவில்லை. ஓய்வு நேரத்தில் விளையாட்டாக ஒரு சாமான் செய்தார். குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகளைக் கோத்த ஒரு நீளும் கை. பிடியை அமுக்கினால் அந்தக் கை நீண்டு போய்த் தூரத்தில் உள்ள பொருளைப் பற்றும்.

ஒரு நாள் கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமவுச்சி தொழிற்சாலையைச் சுற்றி வந்தார். யோகோயின் கையில் இருந்த விளையாட்டுச் சாமான் அவர் கண்ணில் பட்டுவிட்டது. பிறகு யோகோயை அழைத்தார். வேலை நேரத்தில் விளையாடியதற்குத் திட்டு விழப்போகிறது என்று யோகோய் நடுங்கினார்.

நடந்தது வேறு! அதைக் கடையில் விற்கும் பொம்மையாகச் செய்யச் சொன்னார் தலைவர். ஆண்டு முடிவதற்குள் அது கடைக்கு வர வேண்டும் என்றும் சொன்னார்.

ஏன் ஆண்டு முடிவு? நம் ஊர் ஜவுளிக்கடைக்குத் தீபாவளி எப்படியோ, அப்படி ஜப்பானின் பொம்மைக் கடைக்குக் கிறிஸ்துமசும் புத்தாண்டும். 1966-ல் "அல்ட்ரா ஹேண்ட்" என்ற பெயரில் நீளும் கை கடைக்கு வந்தது. சுமார் 12 லட்சம் விற்றது.

பழுது பார்க்கும் ஊழியர் பொம்மை கண்டுபிடிப்பவர் ஆனார்!

காலம் செய்த மோசம்

அடுத்த சில ஆண்டுகளில் பல புதுமைகளைச் செய்தார் யோகோய். ஒளியை வைத்துக் குறி பார்க்கும் விளையாட்டுத் துப்பாக்கி அவற்றில் ஒன்று. அதை வைத்துப் பெரிய மண்டபங்களில் துப்பாக்கி சுடும் விளையாட்டை நடத்தக் கம்பெனி திட்டம் போட்டது. 1973-ன் தொடக்கத்தில் அது வெளிவந்தது. ஆர்டர்கள் குவிந்தன.

அந்த ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்டது. எண்ணெய் விலை ஏறியது. எண்ணெய்க்கு வெளிநாட்டையே நம்பி இருந்த ஜப்பான் திணறியது. செலவுக்கு அஞ்சிய மண்டபக்காரர்கள் ஆர்டர்களை ரத்து செய்தார்கள். கம்பெனி பெரும் கடனில் விழுந்தது.

விளையாட்டில் குறை இல்லை. காலம்தான் காலை வாரிவிட்டது.

ரயிலில் பிறந்த யோசனை

ஒரு நாள் யோகோய் அதிவேக ரயிலில் போய்க்கொண்டு இருந்தார். அலுவலகத்துக்காரர் ஒருவர் பொழுது போகாமல் கையில் இருந்த கணக்குப் போடும் கால்குலேட்டரின் பொத்தான்களை அமுக்கி அமுக்கி விளையாடிக்கொண்டு இருந்தார். அதைக் கண்டதும் யோகோய்க்கு ஒரு யோசனை பிறந்தது. பெரியவர்களும் பிறர் கண்ணில் படாமல் விளையாடும்படி, கைக்குள் அடங்கும் ஒரு சிறு பெட்டி செய்தால் என்ன?

சங்கரன்கோவில் பஸ்சில் உட்கார்ந்து செல்போனில் விளையாடுகிறவருக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். அன்று அது புதுமையான விஷயம்.

யோகோய்க்கு அதிர்ஷ்டமும் துணை வந்தது. ஒரு நாள் தலைவரின் கார் டிரைவர் வரவில்லை. யோகோய் காரை ஓட்டிச் சென்றார். வழியில் தம் யோசனையைத் தலைவரிடம் சொன்னார். அன்று கூட்டத்தில் தலைவரின் பக்கத்தில் உட்கார்ந்தவர், கால்குலேட்டர் செய்யும் ஷார்ப் கம்பெனியின் தலைவர்! விரைவில் இரண்டு கம்பெனிகளும் கை கோத்தன.

இங்கேதான் காலத்தின் அருமையைப் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளாகக் கால்குலேட்டர் கம்பெனிகள் ஒன்றோடு ஒன்று போட்டி போட்டு விலையைக் குறைத்து வந்தன. அதனால் எண்களைக் காட்டும் சிறு திரையும், உள்ளே இருக்கும் மின்னணுச் சில்லும் மலிந்து கிடந்தன. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பெட்டியைச் செய்திருந்தால், விலை யானை விலை ஆகி இருக்கும்!

1980 ஏப்ரலில் "கேம் அண்ட் வாட்ச்" வந்தது. விளையாட்டும் உண்டு, மணியும் காட்டும். 1991 வரை சுமார் 60 வகைகள் வெளிவந்தன. மொத்தம் 4 கோடியே 34 லட்சம் பெட்டிகள் விற்றன!

1982-ல் வந்த ஒரு பெட்டியில் கூட்டல் குறி போன்ற ஒரு பொத்தானை யோகோய் வைத்தார். மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு பக்கமும் பொம்மையை நகர்த்த அந்த ஒரே பொத்தான் போதும். வீடியோ கேம் பெட்டிகளில் இன்றும் அந்தப் பொத்தானைக் காணலாம்.

பழைய சரக்கு, புதிய உபயோகம்

யோகோய் தமக்கென்று ஒரு கொள்கை வைத்திருந்தார். நேற்று கண்டுபிடித்த புத்தம் புதிய பொருளைத் தேடி ஓடக்கூடாது. நன்றாகப் பழகி, பழுதுகள் நீங்கி, விலை மலிந்த பொருளை எடுத்து, யாரும் நினைக்காத புது வழியில் பயன்படுத்த வேண்டும் என்பதே அது.

இந்தக் கொள்கையின் முழு வெற்றிதான் "கேம் பாய்". ஒரே பெட்டியில் விளையாட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு ஆடலாம். 1989 ஏப்ரல் 21-ந் தேதி ஜப்பானில் அது கடைக்கு வந்தது. விலை 12,500 யென்.

பெட்டியைப் பார்த்தவர்கள் சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். திரையில் வண்ணம் இல்லை. இருட்டில் தெரிய விளக்கும் இல்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி வண்ணத் திரையோடு "லிங்க்ஸ்" பெட்டியை வெளியிட்டது. அடுத்த ஆண்டு சேகா கம்பெனி "கேம் கியர்" என்ற வண்ணப் பெட்டியைக் கொண்டுவந்தது. இனி கேம் பாய் எங்கே நிற்கப்போகிறது என்று பலரும் நினைத்தார்கள்.

ஆனால் வீட்டுக் கணக்கு வேறாக இருந்தது! வண்ணப் பெட்டிகளுக்கு ஆறு பேட்டரி வேண்டும். அவையும் ஒரு சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு நான்கு பேட்டரி போதும். பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். அமெரிக்காவில் அதன் விலை சுமார் 90 டாலர். லிங்க்சின் விலை அதைப் போல் இரு மடங்கு. பிள்ளை கேட்ட பெட்டியை ஒரு முறை வாங்கிக் கொடுக்கலாம். தினமும் பேட்டரி வாங்கிக் கட்டுமா?

ரஷ்யர் ஒருவர் 1984-ல் உருவாக்கிய, கட்டைகளை அடுக்கும் "டெட்ரிஸ்" விளையாட்டையும் அமெரிக்காவில் கேம் பாயோடு சேர்த்து விற்றார்கள். சிறுவர்களோடு தாய் தந்தையரும் ஆடத் தொடங்கிவிட்டார்கள்!

வண்ணப் பெட்டிகள் வந்துவிட்டனவே என்று நிண்டெண்டோ பதறவில்லை. வண்ணக் கேம் பாயை 1998-ல்தான் வெளியிட்டது. ஒன்பது ஆண்டுப் பொறுமை! அதற்குள் 1996-ல் "போகெமான்" விளையாட்டு வந்து, பழைய பெட்டிக்குப் புது உயிர் கொடுத்தது. பழைய கேம் பாயும் வண்ணக் கேம் பாயும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றன.

பிஞ்சில் பறித்த கனி

இவ்வளவு வெற்றி கண்டவருக்கும் சறுக்கல் வந்தது.

அமெரிக்கக் கம்பெனி ஒன்று ஒரு புதிய திரையைக் காட்டியது. கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தால் படம் ஆழமாக, நிஜம் போலத் தெரியும். யோகோய் அதில் மனதைப் பறிகொடுத்தார். "வர்ச்சுவல் பாய்" என்ற பெட்டியைச் செய்யத் தொடங்கினார்.

பல வண்ணம் வைத்தால் விலை எட்டாது. ஆகவே சிவப்பு ஒன்று மட்டும் வைக்கப்பட்டது. தலையில் மாட்டிக்கொள்ளும் பெட்டியாகத் தொடங்கிய வேலை, மேஜை மேல் கால் ஊன்றி நிற்கும் பெட்டியாக முடிந்தது. தூக்கிச் செல்லவும் வசதி இல்லை. டெலிவிஷனில் இணைத்துக் குடும்பத்தோடு பார்க்கவும் வழி இல்லை.

அப்போது கம்பெனிக்கு நெருக்கடியான நேரம். 1994 கடைசியில் சேகா கம்பெனியின் "சாட்டர்ன்", சோனி கம்பெனியின் "பிளேஸ்டேஷன்" ஆகிய இரண்டு பெட்டிகளும் ஜப்பானில் வந்துவிட்டன. நிண்டெண்டோவின் அடுத்த பெரிய பெட்டியான "நிண்டெண்டோ 64" இன்னும் தயாராகவில்லை. கடையில் வைக்க ஏதாவது புதிது வேண்டும். பக்குவம் ஆகும் முன்பே வர்ச்சுவல் பாயைக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று இத்தொழிலை ஆராய்ந்தவர்கள் பலர் கூறுகிறார்கள்.

1995 ஜூலை 21-ந் தேதி அது வெளிவந்தது. ஆடியவர்கள் தலை வலிக்கிறது, கண் வலிக்கிறது என்றார்கள். ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று கம்பெனியே எச்சரித்து இருந்தது. ஜப்பானில் அந்த ஆண்டு முடிவதற்குள் விற்பனை நின்றது. மொத்தம் விற்றது சுமார் 7 லட்சத்து 70 ஆயிரம்தான்.

அதே நேரத்தில் நிண்டெண்டோ 64 விஷயத்தில் கம்பெனி பொறுத்திருந்தது. தள்ளித் தள்ளிப் போய் 1996 ஜூன் 23-ந் தேதி அது வந்தது. அதனோடு வந்த "சூப்பர் மரியோ 64" விளையாட்டை உலகமே பாராட்டியது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் சோனி முந்திக்கொண்டது. பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல் விற்றது. நிண்டெண்டோ 64 விற்றது 3 கோடியே 29 லட்சம்.

அவசரப்பட்டதற்கும் விலை உண்டு. காத்திருந்ததற்கும் விலை உண்டு! காத்திருந்த பெட்டி நல்ல பெயரையாவது மிச்சம் வைத்தது. அவசரப்பட்ட பெட்டியோ அதைச் செய்தவரின் பெயரையும் சேர்த்துக் கெடுத்தது.

விடைபெற்றார்

1996 ஆகஸ்டில் யோகோய் கம்பெனியை விட்டு விலகினார். தோல்வியால் விரட்டப்பட்டார் என்று ஊர் பேசியது. அவர் அதை மறுத்தார். சொந்தமாகத் தொழில் செய்யும் ஆசை அவருக்கு முன்பே இருந்தது. வெறும் கையோடும் அவர் போகவில்லை. விலகுவதற்கு முந்திய மாதம்தான், மெலிந்த உருவமும் தெளிவான திரையும் கொண்ட "கேம் பாய் பாக்கெட்" வெளிவந்து இருந்தது.

கியோட்டோவில் "கோடோ" என்ற சிறு கம்பெனியைத் தொடங்கினார். பந்தாய் கம்பெனிக்காக ஒரு புதிய கைப்பெட்டியை உருவாக்க உதவினார்.

அது கடைக்கு வருவதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1997 அக்டோபர் 4-ந் தேதி நெடுஞ்சாலையில் அவர் சென்ற காருக்குச் சிறு விபத்து நேர்ந்தது. சேதத்தைப் பார்க்கக் கீழே இறங்கினார். அப்போது வந்த வேறொரு கார் அவர் மீது மோதியது. உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 56.

"வொண்டர் ஸ்வான்" என்ற அந்தப் பெட்டி 1999 மார்ச்சில் வந்தது. விலை 4,800 யென். ஒரே ஒரு பேட்டரியில் ஓடியது. யோகோயின் கைவண்ணம் அதில் தெரிந்தது. ஆனால் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே வண்ணக் கேம் பாய் வந்துவிட்டது. வண்ணத் திரையும் இப்போது மலிந்துவிட்டது. கறுப்பு வெள்ளைக்கு இருந்த காலம் முடிந்துகொண்டு இருந்தது. யோகோயின் பழைய பெட்டியின் வாரிசே அவருடைய புதிய பெட்டிக்குப் போட்டியாக நின்றது!

அவர் காட்டிய வழியை நிண்டெண்டோ மறக்கவில்லை. 2017 மார்ச்சில் "ஸ்விட்ச்" பெட்டியை வெளியிட்டது. அதைவிட வலுவான பெட்டிகள் கடையில் இருந்தும், எட்டு ஆண்டுகள் அதையே விற்றது. 2025 ஜூனில்தான் "ஸ்விட்ச் 2" வந்தது.

போட்டிக்காரரின் காலண்டரைப் பார்த்து நாள் குறித்தால் சரக்கு தேங்கும். பொருள் பக்குவமாகி, விலை கைக்கு எட்டி, வாங்குகிறவருக்கு அது உதவும் என்று தெரியும் நாளே வெளியிடும் நாள். யோகோயின் வெற்றி இதைக் காட்டுகிறது. அவருடைய தோல்வி இன்னும் நன்றாகக் காட்டுகிறது.

வொண்டர் ஸ்வான் பெட்டிக்காக ஒரு புதிர் விளையாட்டை வெளியிட்டார்கள். அதற்கு மறைந்த மேதையின் பெயரையே வைத்தார்கள்: "குன்பே".