கடல் கடந்து மீட்ட அறம்: பண்டிதர் அயோத்திதாசர்

சுங்குவார்சத்திரத்தில் பணிமுறை மாறும் வேளையில் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசைகட்டி நிற்கின்றன. அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் காஞ்சிபுரத்தில்தான், ஏழாம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் பௌத்தம் தழைத்திருக்கக் கண்டார். அந்தப் பௌத்தம் எங்கே போயிற்று என்னும் கேள்வியை, சாதி இழிவின் தோற்றத்தோடு இணைத்துக் கேட்டவர் பண்டிதர் அயோத்திதாசர்.

1845இல் பிறந்த அவரது இயற்பெயர் காத்தவராயன். ஆசிரியர்மீது கொண்ட பற்றினால் அவரது பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். சித்த மருத்துவமே அவரது தொழில். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் ஒடுக்கப்பட்டோரின் கோயில் நுழைவு உரிமையை எழுப்பினார். சிவனும் விஷ்ணுவும் உங்கள் தெய்வங்கள் அல்லர் என்ற மறுப்பே விடையாகக் கிடைத்தது. மூடிய கதவின்முன் அவர் காத்து நிற்கவில்லை.

1898இல் கர்னல் ஆல்காட்டுடனும், ஆசிரியர் பி. கிருஷ்ணசாமியுடனும் கொழும்பு சென்றார். அங்கே வித்யோதயப் பிரிவேனாவின் தலைவரும் சிவனொளிபாத மலையின் தலைமைப் பிக்குவுமான சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். அவரைப் பொறுத்தவரை இது மதமாற்றம் அன்று. பறிக்கப்பட்ட முன்னோர் நெறிக்குத் திரும்புதல். இழிவு பிறப்பினால் வந்ததன்று, பௌத்தர்களாக இருந்தமைக்காகச் சுமத்தப்பட்டது என அவர் வாதிட்டார்.

யாத்திரை கொழும்போடு முடியவில்லை. சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அச்சொல்லைக் கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள் பற்றிக்கொண்டு, அங்கே சங்கக் கிளைகளை வளர்த்தனர். 1914இல் அவர் மறைந்தபின்னும் அப்பணி தொடர்ந்தது. அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது, கொழும்புப் பயணத்துக்கு 58 ஆண்டுகளுக்குப் பிறகு, 1956இல்.

அவர் மறைந்த மறு ஆண்டு, காஞ்சி காமாட்சியம்மன் கோயிலில் இருந்த புத்தர் சிலைகளைப் பற்றித் தொல்லியல் அறிஞர் து. அ. கோபிநாத ராவ் எழுதினார். அவற்றுள் ஒன்று இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

தங்கவயலில் அவரது இதழைப் படித்தவர்கள் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். இன்று ஆலைகளில் உழைக்கும் நம் இளைஞர்களும் ஒரு விடுமுறை நாளில் அச்சிலையின்முன் சென்று நிற்கலாம். வணங்குவது அவரவர் விருப்பம். அவரது கேள்வியைத் தொடர்ந்து கேட்பது நம் கடமை.