ஒரு மெக்கானிக் மலையைக் காதலித்த கதை

ஆப்பிள் கம்ப்யூட்டர்களுக்கு யோசெமிட்டி, எல் காப்பிடன், சியரானு வரிசையா ஓ.எஸ். வந்தது ஞாபகம் இருக்கா? மூணும் கலிபோர்னியாவில் ஒரே மலைப்பகுதியைச் சேர்ந்த பேர்கள். அந்த மலையை உலகம் திரும்பிப் பார்க்க முக்கியக் காரணமான ஜான் மியூர், அடிப்படையில் நம்ம ஆளு. மெஷின் பைத்தியம்.

1838-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 11 வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவின் விஸ்கான்சினுக்கு வந்தார். அப்பா ரொம்ப கண்டிப்பு. பகல் முழுக்க வயல் வேலை. விடியறதுக்கு முன்னாடி எழுந்து, மரத்திலேயே கடிகாரம் செதுக்குவார். குறிப்பிட்ட நேரம் ஆனதும் தூங்குறவரைச் சரித்து எழுப்பிவிடும் கட்டிலைக்கூடச் செய்தார். 1860-இல் அதை மாநிலக் கண்காட்சியில் வைக்க, கூட்டம் மொய்த்தது. அப்புறம் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு நேரம்னு கணக்கு வைத்து, நேரம் முடிந்ததும் தானாகவே அடுத்த புத்தகத்தை எடுத்து வைக்கும் மேஜை செய்தார். ஆனா டிகிரி வாங்காமலே கிளம்பிட்டார்.

இண்டியானாபோலிஸில் வண்டி பாகங்கள் செய்யும் ஃபேக்டரியில் நல்ல வேலை, நல்ல பேர். 1867 மார்ச்சில் ஒரு பெல்ட்டைச் சரி பண்ணும்போது கையில் இருந்த அரம் நழுவி வலது கண்ணைக் குத்தியது. கொஞ்ச நேரத்தில் இடது கண்ணும் மங்கிவிட்டது. வாரக்கணக்கில் இருட்டு அறையில் படுத்துக் கிடந்தார். பார்வை மெதுவாகத் திரும்பியது. இனி இந்தக் கண்ணை மெஷினுக்குக் கொடுக்கப் போறதில்லைனு முடிவு பண்ணி வேலையை விட்டார். சுமார் 1,000 மைல் நடந்து ஃபுளோரிடா போனார். அங்கே மலேரியா வந்து படுத்தவர், தேறியதும் கியூபா போய், 1868-இல் கப்பலில் சான் ஃபிரான்சிஸ்கோ வந்து சேர்ந்தார். அங்கிருந்து நேரா யோசெமிட்டிக்கு நடை.

டூரிஸ்ட்டா வந்து போட்டோ எடுத்துட்டுப் போகிற காதல் இல்லை இது. 1869 கோடையில் ஆட்டு மந்தையோடு மேலே ஏறினார். அப்புறம் பள்ளத்தாக்கிலேயே தண்ணீர் விசையில் ஓடும் மர அறுவை மில்லைக் கட்டி நடத்தினார். தானா விழுந்த மரங்களை மட்டும்தான் அறுத்தார். கொஞ்சம் ரொட்டி, டீத்தூளோடு தனியா மலை ஏறுவார். 1872-இல் சுமார் 4,000 மீட்டர் உயர ரிட்டர் சிகரத்தில், செங்குத்துப் பாறையின் நடுவே கை கால் அசைக்க முடியாமல் மாட்டிக்கொண்டார். விழப்போறது நிச்சயம்னு நினைத்த நிமிஷத்தில் மனசு தெளிய, ஒவ்வொரு பிடியாகத் தேடி உச்சிக்குப் போய்விட்டார்.

இந்த ஏற்றங்கள் வெறும் த்ரில்லுக்காக இல்லை. தரை உள்வாங்கியதால்தான் யோசெமிட்டி பள்ளத்தாக்கு உருவானதுனு மாநிலப் புவியியல் ஆய்வுத் தலைவர் விட்னி சொல்லிக்கொண்டிருந்தார். பனியாறுகள் செதுக்கியதுனு மியூர் சொன்னார். விட்னி அதை ஏளனம் பண்ணினார். மியூர் பனியில் நேர்க்கோட்டில் குச்சிகளை நட்டு, சில வாரம் கழித்துப் போய் அளந்தார். நடுவில் இருந்த குச்சி நாளுக்கு சுமார் ஒரு இன்ச் நகர்ந்திருந்தது. அங்கே பனியாறு இன்னும் உயிரோடு இருக்குனு உறுதியானது. பழைய பனி எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதை அவர் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார். ஆனா அடிப்படையில் அவர் பக்கம்தான் சரி.

அவர் கண்ணுக்குச் சரியாகப் படாத ஒன்றும் உண்டு. அந்தப் பள்ளத்தாக்கில் காலங்காலமாக அவானீச்சி மக்கள் வாழ்ந்தார்கள். 1851-இல் ஆயுதப்படை அவர்களை விரட்டியது. மியூர் அந்த இடத்தை மனிதர் தொடாத காடு மாதிரி எழுதினார். பூர்வகுடிகளைப் பற்றி இழிவாகவும் எழுதியிருக்கிறார்.

அவர் எழுத்தும் உழைப்பும் சேர்ந்து 1890-இல் யோசெமிட்டி தேசியப் பூங்கா ஆனது. 1892-இல் சியரா கிளப் தொடங்கியது. கடைசிவரை அவர்தான் தலைவர். 1903-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரோடு மூணு ராத்திரி அங்கே கேம்ப் அடித்தார். ஒரு ராத்திரி மேலே பனி கொட்டியது. மாநிலத்தின் கையில் இருந்த யோசெமிட்டி பள்ளத்தாக்கும் 1906-இல் பூங்காவில் சேர்ந்தது.

அதே 1906-இல் சான் ஃபிரான்சிஸ்கோவைப் பூகம்பமும் தீயும் அழித்தன. நகரத்துக்குத் தண்ணீர் வேணும். பூங்காவுக்குள்ளேயே இருந்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணை கட்ட நகரம் கேட்டது. மியூர் பல வருஷம் எதிர்த்துப் போராடினார். 1913 டிசம்பரில் அணைக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த வருஷம் டிசம்பர் 24-இல் நிமோனியாவில் இறந்தார்.

1923-இல் அணை முடிந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ இன்னைக்கும் குடிக்கிறது அந்தத் தண்ணீரைத்தான். அதனால் அணை கட்டியவர்களை வில்லன்னு சொல்லவும் முடியலை, மியூரை மறக்கவும் முடியலை. சிவில் பசங்க அடுத்த தடவை டேம் பார்க்க ஐ.வி. போனா, கொள்ளளவு எத்தனை டி.எம்.சி.னு கேட்பதோடு நிறுத்தாதீங்க. தண்ணிக்கு அடியில் முன்னாடி என்ன இருந்தது, யார் இருந்தாங்கனும் கேளுங்க.