கணித மேதை சோபியா கோவலெவ்ஸ்கயா

மாஸ்கோ நகரில் 1850ஆம் ஆண்டு சோபியா பிறந்தார். தந்தையார் படைத்தளபதி. குடும்பம் நாட்டுப்புற மாளிகையில் குடியேறியபோது, சுவர்களுக்கு வண்ணத்தாள் ஒட்டினர். குழந்தைகள் அறைக்குத் தாள் போதவில்லை. ஆகவே, தந்தையார் இளமையில் பயன்படுத்திய நுண்கணித விரிவுரைத் தாள்களை அங்கு ஒட்டினர். சிறுமி சோபியா அவற்றின்முன் நெடுநேரம் நிற்பார். பொருள் விளங்கவில்லை, ஆயினும் குறியீடுகள் மனத்தில் பதிந்தன. பின்னர் அவர் நுண்கணிதம் கற்றபோது, முன்பே அறிந்தவர்போல விரைந்து கற்றதைக் கண்டு ஆசிரியர் வியந்தார்.

அக்காலத்தில் ரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்க்கவில்லை. தந்தை அல்லது கணவரின் ஒப்புதலின்றி அயல்நாடு செல்லவும் இயலாது. எனவே, கல்வியின் பொருட்டே விளாதிமிர் கோவலெவ்ஸ்கி என்னும் இளம் அறிஞரை 1868இல் மணந்து, மறு ஆண்டு ஜெர்மனி சென்றார். பெர்லின் பல்கலைக்கழகமும் அவரைச் சேர்க்க மறுத்தது. பேராசிரியர் வயர்ஸ்ட்ராஸ் கடினமான கணக்குகள் சிலவற்றைக் கொடுத்து அவரைச் சோதித்தார். சோபியாவின் விடைகளைக் கண்டு மகிழ்ந்து, நான்கு ஆண்டுகள் தனியே கற்பித்தார்.

சோபியா ஆராய்ந்த துறைகளுள் ஒன்று பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள். ஒரு முனையில் சூடேற்றிய நீண்ட கம்பியை எண்ணிப் பாருங்கள். அதன் வெப்பநிலை இடத்தையும் நேரத்தையும் பொறுத்தது. ஓரிடத்திலேயே நின்று, நேரம் செல்லச் செல்ல வெப்பநிலை மாறும் வீதத்தை மட்டும் கணக்கிடலாம். நேரத்தை நிறுத்தி வைத்ததாகக் கொண்டு, இடத்திற்கு இடம் மாறும் வீதத்தையும் கணக்கிடலாம். இவையே பகுதி வகைக்கெழுக்கள். அக்கம்பியில் ஓர் எறும்பு ஊர்ந்தால், அது உணரும் மாற்றம் யாது? இடத்தால் வரும் மாற்றவீதத்தை எறும்பின் திசைவேகத்தால் பெருக்கி, நேரத்தால் வரும் மாற்றவீதத்தோடு கூட்ட வேண்டும். இதுவே சங்கிலி விதி.

இத்தகைய வகைக்கெழுக்கள் அமைந்த சமன்பாட்டிற்கு எந்நிலையில் ஒரே ஒரு தீர்வு உண்டு என்பதைச் சோபியா நிறுவினார். பிரெஞ்சு அறிஞர் கோஷி முன்னர்த் தொடங்கிய ஆய்வை அவர் விரிவுபடுத்தியதால், அது கோஷி–கோவலெவ்ஸ்கயா தேற்றம் எனப்படுகிறது. இவ்வாய்வுடன் மேலும் இரண்டு கட்டுரைகளை அளித்து, 1874இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றும் தாயகத்தில் தகுந்த பணி கிட்டவில்லை. கணவரும் 1883இல் மறைந்தார். சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரம் அவரை அழைத்தது. அவர் அங்கு முதலில் ஜெர்மன் மொழியில் கற்பித்தார்; பின்னர்ச் சுவீடிய மொழியைக் கற்று, அதிலேயே விரிவுரை ஆற்றினார்.

பிரெஞ்சு அறிவியல் கழகம் 1888இல் நடத்திய போட்டியில், எழுதியவர் பெயரை மறைத்தே கட்டுரைகள் மதிப்பிடப்பட்டன. சுழலும் திண்பொருள் பற்றிய ஒரு கட்டுரையின் சிறப்பைக் கண்ட நடுவர்கள், 3000 பிராங்கு பரிசை 5000 ஆக உயர்த்தினர். உறையைப் பிரித்தபோது அது சோபியாவின் கட்டுரை எனத் தெரிந்தது. மறு ஆண்டு அவர் நிலையான பேராசிரியர் ஆனார்.

சோபியா 1891இல், தம் 41ஆம் வயதில் மறைந்தார். அவர் நிறுவிய தேற்றத்தை, ஒருகாலத்தில் பெண்களுக்குக் கதவடைத்த பல்கலைக்கழகங்களில் இன்று ஆண்களும் பெண்களும் ஒருங்கே கற்கின்றனர்.

சொற்பொருள்
வீதம் – அளவு மாறும் விகிதம்
தேற்றம் – நிறுவப்பட்ட கணித உண்மை
திண்பொருள் – வடிவம் மாறாத கெட்டியான பொருள்

விடை எழுதுக
1. சோபியா அயல்நாடு செல்ல நேர்ந்தது ஏன்?
2. எறும்பு ஓரிடத்திலேயே நின்றால், எம்மாற்றத்தை மட்டும் உணரும்?
3. போட்டியில் பெயரை மறைத்ததால் விளைந்த நன்மை யாது?